சுவரைத் தள்ளினால் நாண் நீளுமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் இடது குதிகாலின் பின்புறம் வலிக்கத் தொடங்கியபோது நான் யாரையும் கேட்கவில்லை. ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று இருக்கிறதே! சிலர் சுவரில் கை ஊன்றித் தள்ளிக் கெண்டைக்காலை இழுப்பார்கள். நான் செய்தது, மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலைக் கீழே தொங்கவிட்டு, கெண்டைக்கால் கதறும்வரை இழுப்பது. காலையில் இரண்டு நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம். இழுத்து முடித்ததும் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கிக் குளியலறைவரை நடக்கும் பதினைந்து அடியும் நரகமாக இருக்கும். வலி கூடக்கூட, இன்னும் சரியாக இழுக்கவில்லை போலும் என்று நேரத்தைக் கூட்டினேன். மூன்று மாதம் இப்படியே போனது.

அந்த மூன்று மாதமும் வலிக்கு நானே உரம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. ஏன் அப்படி என்று விளங்கிக்கொள்ள, கெண்டைக்காலை இழுக்கும்போது உள்ளே எது நீள்கிறது, எது நீள்வதில்லை என்பதைப் பார்க்க வேண்டும். மருத்துவம் படிக்காத, வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ஓடுகிற ஒருவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சொல்கிறேன்.

நரம்பு அல்ல, நாண்

கெண்டைக்காலில் இரண்டு தசைகள் முக்கியம். வெளியே கெண்டை மீன் போலப் புடைத்துத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பிலிருந்து தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக மறைந்திருப்பது சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேயிருந்து தொடங்குகிறது. முழங்காலை நீட்டிவைத்து இழுத்தால் வெளித்தசையில் இழுவை தெரியும். முழங்காலை மடக்கி இழுத்தால் வெளித்தசை தளர்ந்து, உள்ளே இருப்பது இழுபடும். பயிற்சியாளர்கள் இரண்டு விதமாகவும் செய்யச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்த இரண்டு தசைகளும் கீழே வரவரச் சேர்ந்து, சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே பட்டையாகிக் குதிகால் எலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. கணுக்காலுக்குப் பின்னால் விரலால் கிள்ளிப் பார்த்தால் கயிறு போலக் கையில் படுவது அதுதான். உடலிலேயே தடிமனான, வலுவான தசைநாண் இது. ஆங்கில மருத்துவத்தில் அக்கிலிஸ் என்ற கிரேக்க வீரனின் பெயர் இதற்கு. நான் சுருக்கமாகக் குதிநாண் என்கிறேன். வீட்டில் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று சொல்கிறோமே, அந்த இடத்தில் பெரும்பாலும் பேசப்படுவது நரம்பைப் பற்றி அல்ல, நாணைப் பற்றித்தான்.

நாண் என்பது நல்ல சொல். வில்லின் நாணை யாரும் தளர்த்திவைத்துக்கொண்டு அம்பு எய்வதில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இதை உருப்பெருக்கியில் பார்த்தால் கொலாஜன் என்ற புரத இழைகள் கட்டுக்கட்டாக, கயிற்றுக்குள் புரி, புரிக்குள் நூல் என்று அடுக்கடுக்காக இருக்கும். போதாததற்கு, மேலிருந்து கீழே வரும் வழியில் மொத்தக் கட்டும் லேசாக முறுக்கிக்கொண்டும் இறங்கும். இழுபடாதபோது இழைகள் அலை அலையாகச் சுருண்டிருக்கும். இழுக்கத் தொடங்கியதும் முதலில் அந்த அலைகள் நேராகும். அதுவரை எளிதாக நீளும். அதற்குப் பிறகு இழையே இழுபட வேண்டும், அப்போது எதிர்ப்பு சட்டென ஏறும். ஓடும்போது குதிநாண் தன் நீளத்தில் நூற்றுக்கு ஐந்து அளவுக்கு நீண்டு சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ரப்பர் வளையத்தை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. இது ஏறக்குறைய எஃகுச் சுருள்வில்லின் சாதி.

சுமக்கிற பாரத்தைப் பார்த்தால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் குதிநாண்மீது உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு இழுவிசை விழுகிறது. 70 கிலோ மனிதருக்கு அரை டன் அளவு. 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுகிறவர் சுமார் 10,000 அடி வைக்கிறார். ஒரு காலுக்கு 5,000. அரை டன்னை ஐயாயிரம் தடவை தாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடப் படியேறுகிறது அந்தக் கால்.

அந்த விசை வீணாகவும் போவதில்லை. 1987இல் பிரிட்டனில் விலங்குகளின் அசைவை ஆராய்ந்த குழு ஒன்று கணக்குப் போட்டது. நடுத்தர வேகத்தில் ஓடும் மனிதரின் ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து திரும்பப் பெறும் ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தைக் குதிநாண் சேமித்துக் கொடுக்கிறது. பாதத்தின் வளைவு இன்னும் 17 சதவீதம். கால் தரையில் பதியும்போது நாண் நீண்டு ஆற்றலை வாங்கிவைக்கிறது, உந்தி எழும்போது திருப்பித் தருகிறது. வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட வெப்பமாக வீணாவதில்லை. கங்காரு களைப்பில்லாமல் தாவிக்கொண்டே போவதும் இந்த உத்தியால்தான். நம்மிடம் இருப்பது அதன் சின்னப் பதிப்பு.

இறுக்கமும் விறைப்பும்

இங்கேதான் சொற்கள் நம்மைக் குழப்புகின்றன. 'கால் டைட்டாக இருக்கிறது' என்று ஓடுகிறவர்கள் சொல்வது ஓர் உணர்வு. அதை இறுக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாணை இவ்வளவு விசையோடு இழுத்தால் இவ்வளவு நீளும் என்று அளப்பது வேறு. அது விறைப்பு. கால் இறுக்கமாக உணரும் மனிதரின் நாண் விறைப்பாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. வலியுள்ள குதிநாண்களை அளந்தால் பல நேரம் எதிர்மாறாக இருக்கிறது. தடித்திருக்கும், ஆனால் விறைப்பு குறைந்திருக்கும். கொஞ்சம் தொளதொளத்த சுருள்வில் மாதிரி. அதன் உரிமையாளர் மட்டும் காலையில் எழுந்ததும் 'கட்டையாக இறுகிக் கிடக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருப்பார். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் இந்த இழுப்பு, அதாவது ஸ்ட்ரெச்சிங், என்னதான் செய்கிறது? அதை அளக்கும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்த்துவிடலாம். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தை ஓர் உலோகத் தட்டோடு கட்டிவிடுகிறார்கள். மோட்டார் அந்தத் தட்டை மெல்லச் சாய்த்துப் பாதத்தை முழங்கால் பக்கமாக வளைக்கிறது. எவ்வளவு கோணத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு என்பதை இயந்திரம் குறித்துக்கொண்டே வரும். கெண்டைக்காலில் தசை முடிந்து நாண் தொடங்கும் இடத்தின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்திருப்பார்கள். திரையில் அந்தச் சந்திப்பு நகர்வதைப் பார்த்தால், நீண்டதில் எவ்வளவு தசையுடையது, எவ்வளவு நாணுடையது என்று பிரித்துவிடலாம். 'இதற்கு மேல் வேண்டாம்' என்று ஆள் பொத்தானை அழுத்தும் இடம்தான் அவருடைய எல்லை.

இப்படிப்பட்ட ஆய்வுகள் மூன்று வாரம், ஆறு வாரம், எட்டு வாரம் என்று நடந்திருக்கின்றன. தினமும் சில நிமிடம் கெண்டைக்காலை இழுத்தவர்களுக்கு எல்லை தள்ளிப்போகிறது. முன்பு 30 பாகையில் பொத்தானை அழுத்தியவர் 35இல் அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய 30 பாகையில் அப்போது இருந்த எதிர்ப்பும் இப்போது இருக்கும் எதிர்ப்பும் ஏறக்குறைய ஒன்றே. 2018இல் 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பாய்வும், சில வார ஸ்ட்ரெச்சிங்கால் தசை, நாண் ஆகியவற்றின் இயந்திரப் பண்புகளில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை என்றே முடித்தது. தசையின் விறைப்பு சற்றுக் குறையலாம் என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. நாண் மட்டும் அசைந்துகொடுப்பதாகத் தெரியவில்லை.

பிறகு எது மாறியது? பொறுத்துக்கொள்ளும் அளவு மாறியது. அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவைக்கும் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரம் ஆறிவிடவில்லை, பாட்டியின் கை பழகிவிட்டது. ஸ்ட்ரெச்சிங்கும் பெரும்பாலும் அந்த மாதிரி வேலைதான். இழுவை உணர்வை மூளை முன்பைவிடக் குறைந்த அபாயமாக எடுத்துக்கொள்கிறது. இதைக் கேட்டு, அப்படியானால் எல்லாம் ஏமாற்றா என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். சுகமாக உணர்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு. நாணை நீட்டிவிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மூச்சில் பத்து நிமிடம் இழுத்துப் பிடித்தால் நாணின் விறைப்பு தற்காலிகமாகக் குறைவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001இல் அளந்து காட்டினார்கள். தினமும் ஒரு மணி நேரம், ஆறு வாரம், ஒரு கருவியை மாட்டிக் கெண்டைக்காலை இழுத்தே வைத்திருந்தவர்களுக்குத் தசையின் பலமும் தடிமனும் கூடியதாக 2022இல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு மணி நேரம்! அவ்வளவு நேரம் கிடைத்தால் நான் தூங்குவேன்.

நாணின் உள்ளே அணுகுண்டு

குதிநாணைப் பற்றி நான் படித்ததில் என்னை அசரவைத்தது இதுதான். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மளமளவென ஏறியது. 1963இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தபின் மெல்லக் குறைந்தது. அந்தக் கார்பன் செடிக்குப் போய், செடியிலிருந்து சோற்றுக்கும் கறிக்கும் போய், அன்று உடலில் உருவாகிக்கொண்டிருந்த ஒவ்வொரு திசுவிலும் முத்திரையாகப் பதிந்தது. ஆகவே ஒரு திசுவில் உள்ள கார்பன்-14ஐ அளந்தால் அது எந்த ஆண்டில் நெய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

டென்மார்க் ஆய்வாளர்கள் வெவ்வேறு வயதினரின் குதிநாண்களை இப்படி அளந்து 2013இல் வெளியிட்டார்கள். நாணின் மையப் பகுதி, அவரவர் சுமார் 17 வயதை எட்டும்வரை காற்றில் இருந்த கார்பனையே காட்டியது. அதற்குப் பிறகு அங்கே ஏறக்குறைய எதுவும் புதுப்பிக்கப்படவில்லை. தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. நாற்பது வயதில் ஓட வருகிற ஒருவர், பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடிய நாட்களில் நெய்யப்பட்ட அதே நாணின் நடுப்பகுதியைத்தான் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறார்.

தினமும் முப்பது நொடி சுவரைத் தள்ளி இதன் நீளத்தை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றோடு போயிற்று.

அதற்காக நாண் மாறவே மாறாது என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. மையம் பழையதாக இருந்தாலும் உயிரணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரே ஒரு மொழிதான் புரியும், பாரம். அதே ஜெர்மனியில் 2007இல் நடந்த 14 வாரப் பரிசோதனையில், ஒவ்வொருவரின் ஒரு காலுக்கு முழு பலத்தில் சுமார் 55 சதவீத விசையிலும், மற்றக் காலுக்குச் சுமார் 90 சதவீத விசையிலும் கெண்டைக்கால் பயிற்சி கொடுத்தார்கள். மொத்த வேலை இரண்டு கால்களுக்கும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பலம் இரண்டு பக்கமும் கூடியது. நாணின் விறைப்பும் தடிமனும் கூடியது கனமாக உழைத்த காலில் மட்டும்தான். மெல்லிய விசையை நாண் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

'ஓடும்போது எட்டு மடங்கு விழுகிறதே, அது போதாதா?' என்று ஒருவர் கேட்கலாம். ஓடும்போது கால் தரையில் இருப்பதே கால் நொடிதான் (தமிழில் இப்படி ஒரு சௌகரியம்!). நாணைத் திருத்தி வளர்க்கக் கனமான பாரம் மட்டும் போதாது; அதை மெதுவாக, சில நொடி தாங்கிப் பிடிக்கவும் வேண்டும் என்பதே இதுவரை நடந்த ஆய்வுகளின் போக்கு. சுவரைத் தள்ளும்போது நேரம் இருக்கிறது, பாரம் இல்லை. ஓடும்போது பாரம் இருக்கிறது, நேரம் இல்லை.

அடிபடாமல் காக்குமா?

ஓடுவதற்கு முன் இழுத்துக்கொள்ளாவிட்டால் காயம் நிச்சயம் என்பது எங்கள் காலை நேர ஓட்டக் கூட்டத்தில் கேள்வி கேட்காமல் நம்பப்படும் விஷயம். இதை ராணுவத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ராணுவம் இதற்கு வசதி, சொன்னதைச் செய்வார்கள். ஆஸ்திரேலியாவில் 1,093 புதிய வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினர் ஒவ்வொரு கடும் பயிற்சிக்கு முன்னும் கெண்டைக்காலை இழுத்துக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் கூடாது என்று 12 வாரம் கவனித்தார்கள். 1998இல் முடிவு வந்தது: காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2000இல் 1,538 பேரை வைத்து, கால் தசைகள் அனைத்தையும் இழுக்கச் சொல்லிப் பார்த்தபோதும் அதே முடிவு.

பொழுதுபோக்காக ஓடுகிறவர்களைப் பற்றியும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2,729 ஓட்டக்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஓட்டத்துக்கு முன் கெண்டைக்கால், தொடைத் தசைகளை இழுப்பவர்கள், இழுக்காதவர்கள் என்று மூன்று மாதம் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் காயப்பட்டவர்கள் சுமார் 16 சதவீதம். 2011இல் வெளிவந்த அந்த முடிவில் எனக்குப் பிடித்த வால் ஒன்று உண்டு: வழக்கமாக இழுத்துக்கொள்பவர்களை நிறுத்தச் சொன்னபோது அவர்களுக்குக் காயம் கூடியது. பழக்கத்தைத் திடீரென மாற்றுவதே ஓர் அபாயம் போலிருக்கிறது. எனவே இருபது வருடமாகச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் போய் இந்தக் கட்டுரையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

ஓட்டத்துக்குப் பிந்திய உடல்வலிக்கும் ஸ்ட்ரெச்சிங் பெரிய மருந்து அல்ல. வலியை நூறு புள்ளி அளவில் அளந்தால் ஒன்றிரண்டு, மிஞ்சினால் நான்கு புள்ளி குறையலாம். ஓடுவதற்கு முன் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் உந்துவிசை சற்றுக் குறையும் என்பதும் தெரிந்ததே. முப்பது நொடி இழுத்தால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை.

நான் செய்த தவறு

இப்போது மாடிப்படிக்குத் திரும்புவோம். குதிநாணில் வலி வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, குதிகால் எலும்புக்கு மேலே சில சென்டிமீட்டர் தள்ளி, நாணின் நடுப்பகுதியில். கிள்ளினால் அங்கே முடிச்சுப் போலத் தடித்து வலிக்கும். மற்றொன்று, நாண் எலும்பில் ஒட்டும் அடிவாரத்தில். செருப்பின் பின்பட்டை உரசும் இடத்தில். பெயர் ஒன்று, வலியும் பார்க்க ஒன்றுபோலத்தான், நடத்தை வேறு.

கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது ராட்டினத்தில் ஓடாமல் கயிறு கைப்பிடிச் சுவரின் விளிம்பில் பட்டு இறங்கினால் என்ன ஆகும்? இழுவையால் அறுவதைவிட, விளிம்பு அழுத்தும் இடத்தில்தான் முதலில் பிசிறு கிளம்பும். குதிகால் எலும்பின் மேல்மூலை அந்த விளிம்பு. பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது நாண் அதை விட்டு விலகியிருக்கிறது. பாதத்தை மேல்நோக்கி வளைக்க வளைக்க, நாண் அந்த மூலையில் அழுந்துகிறது. மாடிப்படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிடுவது, அழுத்தத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவைப்பதற்குச் சமம். என் வலி அடிவார வலி. மூன்று மாதம், நாளுக்கு நான்கு நிமிடமும் அதற்கு மேலும், நான் பிசிறிய கயிற்றை விளிம்பில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நாண் கெட்டால் அந்த இடத்தில் அழற்சி என்று முன்பு சொல்வார்கள். அழற்சியைவிட இழைகளின் ஒழுங்கு குலைவதும் நீர் கோப்பதுமே பெரிய விஷயம் என்பது இப்போதைய பார்வை. குலைந்த பகுதி திரும்பப் பழையபடி ஆவது அரிது; சுற்றியுள்ள நல்ல பகுதி பாரத்தை ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. இதை விளக்க ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டோனட்டை உவமை சொல்வார்கள். நமக்கு மெதுவடை இருக்கிறது. ஓட்டையை யாரும் தின்பதில்லை. சுற்றியிருக்கும் மாவுதான் வடை.

நடுப்பகுதி வலிக்கு நிலைமை வேறு. அங்கே குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குவதே வைத்தியமாக இருந்திருக்கிறது. ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரெட்சனைப் பற்றி இந்தத் துறையினர் ரசித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அவரும் ஓடுகிறவர், அவருக்கும் குதிநாண் வலி. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றால் மேலதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. நாண் அறுந்துவிட்டால் செய்துதானே ஆக வேண்டும் என்று, வலியோடு வலியாகக் கனத்தைச் சுமந்து குதிகாலை இறக்கி இறக்கி அதை அறுக்கப் பார்த்தார். நாண் அறவில்லை, வலி போய்விட்டது. 1998இல் பொழுதுபோக்கு விளையாட்டாளர்கள் 15 பேரை வைத்து அவர் குழு அதை முறையாக வெளியிட்டது: ஒரு தடவைக்கு 15 முறை வீதம் மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். பார்ப்பதற்கு ஸ்ட்ரெச்சிங் மாதிரியே இருக்கும். அது ஸ்ட்ரெச்சிங் அல்ல. உடல் எடை மொத்தத்தையும் ஒற்றைக் காலின் தசை பிரேக் போட்டுத் தாங்கி இறக்குகிறது.

நாளுக்கு 180 முறை யாரால் முடியும்? 2015இல் டென்மார்க்கில் அதோடு இன்னொன்றை ஒப்பிட்டார்கள்: வாரத்துக்கு மூன்றே நாள், கனமான பாரம், மெதுவான அசைவு. பலன் ஏறக்குறைய ஒன்றுதான். சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல செய்தி வர முடியாது.

எக்கி நிற்பது

பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க எக்குகிறோம் அல்லவா, அதேதான் பயிற்சி. வாசல் நிலையையோ சமையல் மேடையையோ லேசாகப் பிடித்துக்கொண்டு, மூன்று நொடியில் குதிகாலை உயர்த்தி, மேலே ஒரு நொடி நின்று, மூன்று நொடியில் இறக்க வேண்டும். முதலில் இரண்டு காலால்; எளிதானதும் ஒற்றைக் காலால். கணுக்கால் ஒரு துலா என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் முன்பந்து அச்சிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, நாண் பின்னால் 5 சென்டிமீட்டரில் இழுக்கிறது. ஒற்றைக் காலில் எக்கினால் நாண்மீது உடல் எடையின் இரண்டு மடங்குக்கு மேல் விழுகிறது. முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டால் இன்னும் கூடும். ஒரு சுற்றுக்கு 15 முறையில் தொடங்கி, பாரம் கூடக்கூட எட்டு, ஆறு என்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு போகலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடிவார வலிக்காரர்கள் தரையில் மட்டும் செய்ய வேண்டும். குதிகால் படிக்குக் கீழே இறங்கக் கூடாது. அவர்களுக்குக் குதிகால் சற்று உயர்ந்த காலணியும் சில வாரங்களுக்கு நல்லது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதுதான் நமக்குச் சிக்கல். நான் வீட்டுக்கென்று ஒரு தடித்த செருப்பு வாங்கினேன், ஏளனத்தையும் சேர்த்து.

வலியில்லாமல்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பத்துக்கு ஐந்து வரை வலி வரலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி என்பது ஸ்வீடனில் உருவான ஒரு நல்ல அளவுகோல். மறுநாள் காலையில் முதல் சில அடிகள் முந்தைய நாளைவிட மோசமென்றால் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

ஸ்ட்ரெச்சிங் உண்மையாகவே தேவைப்படுகிறவர்களும் உண்டு. சுவருக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். தொட முடியாமல், இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசமும் இருந்தால், கணுக்கால் வளைவைக் கூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. அந்த 1998 ராணுவ ஆய்விலேயே வளைவு குறைந்தவர்களுக்குக் கணுக்கால் காயம் அதிகம் இருந்தது. குதிகால் தரையில் படியக் குத்தவைத்து உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குறை பெரும்பாலும் இருக்காது. நாற்காலியிலும் மேற்கத்தியக் கழிப்பறையிலும் வளர்ந்த நம் பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சில: ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் ஓர் அடி, ஒரு சத்தம், அதன்பின் எக்கவே முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தநாளத்துக்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், நீவிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இங்கே தாராளமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்குத் தசைநாணைப் பலவீனமாக்கும் குணம் உண்டு; அவற்றைச் சாப்பிடும் நாட்களில் புதிதாக வலி வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீண்டநாள் நீரிழிவும் நாணைக் கெடுக்கும்.

படியில் தொங்குவதை நிறுத்திவிட்டு அரிசிப் பையைத் தூக்கியதும் எனக்கு உடனே எதுவும் நடந்துவிடவில்லை. நாண் மெதுவான பிராணி. முதல் ஐந்து வாரம் கட்டிலிலிருந்து இறங்கி அடிகளை எண்ணிக்கொண்டே போவேன்: வலி மட்டுப்படப் பதினைந்து அடி, பதினான்கு, மறுபடி பதினைந்து. சமையலறையில் பால் பொங்கும் வரை எக்குவது என்று வைத்துக்கொண்டதால் இரண்டு தடவை பாலும் பொங்கி வழிந்தது. ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாள் குளியலறைக்குள் போய்ப் பல்துலக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ண மறந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.